நீண்டகாலப் பொட்டாசியக் குறைவு சிறுநீரகத்தை என்ன செய்யும்?

கேள்வி: “அம்மாவுக்கு வயது 58. ஒன்பது ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். எப்போது இரத்தம் பார்த்தாலும் பொட்டாசியம் 2.9, 3.1, 3.2 என்றே வருகிறது. ‘கொஞ்சம்தான் குறைவு, பரவாயில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். இப்போது இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். சர்க்கரை நோய் இல்லை. கிரியாட்டினின் முன்பு 0.8, இப்போது 1.1. பொட்டாசியக் குறைவால் சிறுநீரகம் கெடுமா? கெட்டால் மறுபடி சரியாகுமா?”

கெடும். சரியாகுமா என்பது குறைவு எத்தனை காலம் நீடித்தது, எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதைப் பொறுத்தது. தொடக்கக் கட்டத்தில் ஏற்படும் மாற்றங்கள் பொட்டாசியத்தை ஈடுகட்டினால் பெரும்பாலும் முழுமையாக மறைந்துவிடும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் சிறுநீரகத்துக்குள் தழும்பு விழும், அது மறையாது. உங்கள் அம்மா எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு தகவல்களும், அதாவது இரத்த அழுத்தம், குறைந்த பொட்டாசியம், இரவுச் சிறுநீர், ஏறும் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப்பொருள்; வடிகட்டும் திறன் குறைந்தால் இரத்தத்தில் கூடும்) ஆகியவை ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்ததால்தான் இத்தனை காலம் யாரும் கவலைப்படவில்லை.

முதலில் அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லைப் பற்றி. இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பளவு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல். வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் 3,000 முதல் 3,500 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கும். அதில் 98 விழுக்காடு செல்களுக்கு உள்ளே, பெரும்பகுதி தசைகளில் இருக்கிறது. நாம் இரத்தத்தில் அளப்பது எஞ்சிய இரண்டு விழுக்காட்டிலிருந்து எடுத்த ஒரு சிறு பகுதியைத்தான். உடல் அந்த இரண்டு விழுக்காட்டை விட்டுக்கொடுக்காமல் காக்கும். இரத்த அளவு 4-இலிருந்து 3-க்கு இறங்குவதற்குள் உடல் 200 முதல் 400 மில்லிமோல் வரை இழந்திருக்கும். எனவே ஆண்டுக்கணக்கில் 3.0-ஐச் சுற்றியே நிற்கும் அளவு சிறிய குறைவு அல்ல. அவருடைய திசுக்கள் பொட்டாசியப் பற்றாக்குறையிலேயே காலம் தள்ளிவருகின்றன என்று பொருள்.

சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அந்த நீரோடு 700 மில்லிமோல் அளவுக்குப் பொட்டாசியமும் நுண்குழல்களுக்குள் இறங்குகிறது. அதில் ஏறக்குறைய முழுவதையும் குழல்களின் முற்பகுதியும் நடுப்பகுதியும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. சிறுநீரில் கடைசியாக வெளியேறும் பொட்டாசியம் பெரும்பாலும் குழலின் இறுதிப் பகுதியில் புதிதாகச் சுரக்கப்படுவது. அதைக் கட்டுப்படுத்துபவை ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனும், அந்த இடத்தை வந்தடையும் சோடியத்தின் அளவும்தான். நீர் மாத்திரை குழலின் மேற்பகுதியில் சோடியம் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், கூடுதல் சோடியம் இறுதிப் பகுதிக்கு வந்து சேர்கிறது. அங்கே சோடியம் உள்ளே இழுக்கப்பட, பொட்டாசியம் வெளியே போகிறது.

சோடியம் தட்டுப்பட்டால் சிறுநீரகம் அதைக் கிட்டத்தட்டச் சுழியம் வரை நிறுத்திவைக்கும். பொட்டாசியத்தில் அந்தத் திறமை அதற்கு இல்லை. எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் நாளொன்றுக்கு 10, 15 மில்லிமோல் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும், ஓரளவு சாப்பிடுகிறவருக்கு உணவுக் குறைவால் மட்டும் பொட்டாசியம் 3.0-க்கு இறங்குவது அரிது. எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, பற்றாக்குறை நீடிக்கும்போது சிறுநீரகத்தில் நடப்பவற்றைப் பார்க்கலாம்.

முதலில் பாதிக்கப்படுவது சிறுநீரைச் செறிவாக்கும் திறன். நாம் தூங்கும்போது மூளையிலிருந்து வாசோபிரஸின் என்ற ஹார்மோன் வந்து, சேகரிப்புக் குழல்களின் சுவரில் அக்வாபோரின்-2 என்னும் நீர்வாயில்களைத் திறக்கச் செய்யும். அவற்றின் வழியாக நீர் உடலுக்குள் திரும்பிவிடுவதால் இரவில் சிறுநீர் குறைவாகவும் கெட்டியாகவும் இருக்கும். பொட்டாசியம் குறைந்தால் இந்த நீர்வாயில்களின் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. எலிகளில் செய்த ஆய்வுகளில் சில நாட்களிலேயே இது தெரியத் தொடங்குகிறது. நீரை உள்ளே இழுப்பதற்குச் சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்புச் செறிவு தேவை. அதைக் கட்டியெழுப்பும் குழல் பகுதியும் தளர்கிறது. ஹார்மோன் வந்து கட்டளையிடுகிறது, சிறுநீரகத்தால் அதை நிறைவேற்ற முடிவதில்லை. சிறுநீர் வெளிறிப்போய் அளவில் கூடுகிறது, தாகமும் கூடுகிறது. பொட்டாசியக் குறைவு தாகத்தை நேரடியாகவும் தூண்டுகிறது.

உங்கள் அம்மாவின் இரவு எழுகைக்கு இது ஒரு முதன்மையான காரணமாக இருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பொட்டாசியக் குறைவால் வரும் மிகைச் சிறுநீர் பொதுவாக நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் அளவில் நிற்கும். ஐந்து, ஆறு லிட்டர் போகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும். சிறுநீர்ப்பைக் கோளாறு, இதயத் தளர்ச்சி, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, இரத்தத்தில் கால்சியம் கூடுவது, மாத்திரையை மாலையில் எடுப்பது ஆகியவையும் இரவில் எழுப்பும். ஒரு நாள் முழுதும் கழிக்கும் சிறுநீரை, இரவுக்குத் தனியாகவும் பகலுக்குத் தனியாகவும் அளந்து குறித்துவைத்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

அடுத்தது அமோனியா. பொட்டாசியக் குறைவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் வழிகளில் இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வெளியே பொட்டாசியம் குறையும்போது செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியேறுகிறது. அதன் இடத்தை ஹைட்ரஜன் அயனி பிடிக்கிறது. குழல் செல்லின் உட்புறம் அமிலத்தன்மை அடைகிறது. உடல் முழுவதும் அமிலம் கூடிவிட்டது என்று அந்தச் செல் தவறாக உணர்ந்து, அமிலத்தை வெளியேற்றும் வேலையில் இறங்குகிறது. குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து அமோனியாவை மிகுதியாக உற்பத்தி செய்கிறது, கூடவே, சோடா உப்பில் இருக்கும் காரப் பொருளான பைகார்பனேட்டை வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்ப உறிஞ்சுகிறது. உண்மையில் உடலில் அமிலம் கூடவில்லை. எனவே இரத்தம் காரத்தன்மைக்குச் சாய்கிறது.

இதன் விளைவுகள் பல. செல்லின் உள்ளே அமிலம் கூடியதால் சிட்ரேட்டைக் குழல்கள் அதிகமாக விழுங்கிவிடுகின்றன. சிறுநீரில் கல் உருவாவதைத் தடுக்கும் இயற்கைப் பொருள் சிட்ரேட். அது குறைந்தால் கால்சியக் கற்களுக்கு வழி பிறக்கிறது. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கூடுதல் அமோனியா இரத்தத்தில் கலந்து மூளையை மயக்கத்தில் ஆழ்த்தலாம். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, திசுவில் தேங்கும் அமோனியா நம் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த கம்ப்ளிமென்ட் புரதங்களில் ஒன்றை வேதிமாற்றம் செய்து தூண்டிவிடுகிறது. கிருமி எதுவும் இல்லாமலே குழல்களைச் சுற்றி அழற்சி தொடங்குகிறது. 1980-களில் எலிகளில் செய்த ஆய்வுகளில், பொட்டாசியக் குறைவு இருந்தாலும் பைகார்பனேட் கொடுத்து அமோனியா உற்பத்தியைக் குறைத்தபோது குழல் சேதமும் குறைந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் சோடா உப்பைக் கையில் எடுக்க வேண்டாம். மனிதர்களுக்கு, அதுவும் ஏற்கெனவே இரத்தம் காரமாக இருப்பவர்களுக்கு, பைகார்பனேட் பொட்டாசியத்தை மேலும் கீழே தள்ளும்.

இரத்தக் குழாய்களும் பாதிக்கப்படுகின்றன. பற்றாக்குறையில் சிறுநீரகத்துக்குள் குழாய்களைச் சுருக்கும் பொருள்கள் கூடுகின்றன, விரிக்கும் பொருள்கள் குறைகின்றன. இரத்த ஓட்டம் குறைகிறது, வடிகட்டும் வேகம் இறங்குகிறது. கூடவே, பொட்டாசியத்தைக் காப்பதற்காகக் குழலின் பின்பகுதி ஒரு சமரசம் செய்துகொள்கிறது. இறுதிப் பகுதிக்குச் சோடியம் போய்ச் சேர்ந்தால் பொட்டாசியம் இழக்க நேரும் என்பதால், அதற்கு முன்பே சோடியத்தைப் பிடித்து உடலுக்குள் அனுப்பிவிடுகிறது. அப்படி உள்ளே தங்கும் உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. தயாசைடு வகை நீர் மாத்திரை தடுக்க முயல்வதும் இதே சோடியம் வாயிலைத்தான். அதாவது, மாத்திரையால் குறைந்த பொட்டாசியம் அந்த மாத்திரையின் பலனையே ஓரளவு அரித்துவிடுகிறது. பொட்டாசியத்தைச் சரிசெய்தபின், வேறு மாத்திரை எதுவும் சேர்க்காமலே சிலருக்கு அழுத்தம் சில புள்ளிகள் இறங்குவதற்கு இது ஒரு காரணம்.

உருவ மாற்றங்கள் இவற்றுக்குப் பின் வருகின்றன. பற்றாக்குறை ஒரு மாதமாவது நீடித்தால், குழலின் முற்பகுதிச் செல்களுக்குள் நுரை போன்ற வெற்றுக் குமிழ்கள் தோன்றுகின்றன. பயாப்ஸி செய்து, அதாவது திசுவைச் சிறிதளவு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, இந்நோய்க்கு அடையாளமாகச் சொல்லப்படுவது இந்தக் குமிழ்கள்தான். இவை மறையக்கூடியவை. மாதங்கள் ஆண்டுகளாகும்போது குழல்களுக்கு இடையே அழற்சிச் செல்கள் குவிகின்றன, நார்த்திசு படர்கிறது, குழல்கள் நலிந்து சுருங்குகின்றன. சிலருக்குச் சிறுநீரகத்தின் உட்பகுதியில் நீர்க்கட்டிகள் உண்டாகின்றன. ஆல்டோஸ்டிரோன் மிகையால் பொட்டாசியம் குறைந்தவர்களிடம் இத்தகைய கட்டிகள் அதிகம் காணப்படுவதையும், காரணமான அட்ரினல் (சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும், ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும் சுரப்பி) கழலையை அகற்றியபின் அவை சுருங்கக்கூடும் என்பதையும் 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

வடிகட்டிகளான குளோமெருலஸ்கள் நெடுங்காலம் பெரிய சேதமின்றி இருக்கும் என்பது கவனிக்க வேண்டியது. சேதம் குழல்களிலும் அவற்றைச் சுற்றிய திசுவிலும்தான். அதனால் சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகவே போகும், இரத்த அணுக்களும் இருக்காது. கால் வீக்கம் வராது, வலி இருக்காது. சிறுநீர்ப் பரிசோதனைத் தாளில் “புரதம்: இல்லை” என்று பார்த்ததும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது.

இதெல்லாம் மனிதர்களில் எவ்வளவு உறுதியானது என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். விலங்குகளில் சான்று மிக வலுவானது. மனிதர்களில், எடை கூடும் என்ற அச்சத்தால் உண்ணும் பழக்கமே கோளாறாகி ஆண்டுக்கணக்கில் வலிந்து வாந்தி எடுத்தவர்கள், பேதி மாத்திரையைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்கள், பிறவியிலேயே பொட்டாசியம் கசியும் மரபணு நோய் உள்ளவர்கள் ஆகியோரிடம் இதே வகைச் சேதம் பயாப்ஸியில் காணப்பட்டிருக்கிறது. சிலர் டயாலிசிஸ் வரை போயிருக்கிறார்கள். நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலும், பொட்டாசியம் மிக அதிகமாக இருந்தவர்களைப் போலவே மிகக் குறைவாக இருந்தவர்களுக்கும் இறப்பு அபாயம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் இவர்களில் பலருக்கு உடலில் நீர்ச்சத்தும் குறைந்திருந்தது, அல்லது ஆல்டோஸ்டிரோன் கூடியிருந்தது. இரண்டுமே தம் அளவில் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. எனவே சேதத்தில் எவ்வளவு பங்கு பொட்டாசியத்துக்கு மட்டும் உரியது என்று பிரித்துக் காட்டுவது கடினம். லேசான குறைவு மட்டும் ஒருவரைச் சிறுநீரகச் செயலிழப்பில் கொண்டுபோய் விடும் என்று நான் சொல்லமாட்டேன். நீண்டகாலம் 3.0-ஐ ஒட்டிய அளவை, காரணமும் தேடாமல் திருத்தவும் செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

திடீரென நேரும் சேதம் ஒன்றும் உண்டு. உழைக்கும் தசை பொட்டாசியத்தை வெளிவிட்டுத் தன் இரத்தக் குழாய்களை விரித்துக்கொள்கிறது. அளவு 2.5-க்குக் கீழே போனால் இது நடக்காது. கடும் உழைப்பில் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து வரும் மயோகுளோபின் சிறுநீரகக் குழல்களைச் சேதப்படுத்தும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவதும் தசைகளில் கடும் வலியும் இதன் அறிகுறிகள்.

உங்கள் அம்மாவின் கிரியாட்டினினுக்கு வருகிறேன். 0.8-இலிருந்து 1.1 என்பது எண்ணாகப் பார்த்தால் சிறியது. சில ஆய்வகத் தாள்களில் இரண்டுமே இயல்பு வரம்புக்குள் அச்சாகியிருக்கும். இப்போது வழக்கத்தில் உள்ள 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 49 வயதில் 0.8 என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 மில்லிலிட்டர் வடிகட்டும் திறன். 58 வயதில் 1.1 என்பது ஏறத்தாழ 58. வயதால் இறங்கக்கூடியது இதில் ஒரு சிறு பகுதிதான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது. மூன்று மாத இடைவெளியில் இன்னொரு முறை சோதித்தும் 60-க்குக் கீழேயே இருந்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய் என்ற வரையறைக்குள் வந்துவிடும். இதற்கு இரத்த அழுத்தமே காரணமாக இருக்கலாம், நீர் மாத்திரையால் நீர்ச்சத்து குறைந்ததும் காரணமாக இருக்கலாம், பொட்டாசியக் குறைவும் சேர்ந்திருக்கலாம். மெலிந்த உடல்வாகு உள்ளவர் என்றால் இன்னொரு எச்சரிக்கை: கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவர்களுக்கு அது உண்மை நிலையைவிட நல்ல எண்ணைக் காட்டும். அப்போது சிஸ்டாட்டின்-சி என்ற சோதனை துல்லியமாக இருக்கும்.

இப்போது கசிவைத் தேடுவது பற்றி. ஒன்பது ஆண்டுகளாக நீர் மாத்திரை சாப்பிடுகிறார், அதனால்தான் பொட்டாசியம் குறைகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே அளவு தயாசைடு மாத்திரையில் இருப்பவருக்குப் பொட்டாசியம் முதல் சில வாரங்களில் இறங்கி ஒரு நிலையில் நின்றுவிடும், பெரும்பாலும் அந்த இறக்கம் மிதமாகவே இருக்கும். குறைந்த அளவு மாத்திரையிலேயே 2.9 வரை போகிறது என்றால் மாத்திரை மட்டும் காரணம் என்று ஏற்க எனக்கு மனம் வராது. இரத்த அழுத்தமும் உண்டு, பொட்டாசியமும் குறைவு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது முதன்மை ஆல்டோஸ்டிரோன் மிகை நோயை. அட்ரினல் சுரப்பி கட்டுப்பாடின்றி ஆல்டோஸ்டிரோனைச் சுரப்பதால் வருவது அது.

அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-இல் விவரித்த முதல் நோயாளி 34 வயதுப் பெண். தசைத் தளர்ச்சி, உயர் இரத்த அழுத்தம், மிகைச் சிறுநீர், மிகக் குறைந்த பொட்டாசியம் ஆகியவை அவருக்கு இருந்தன. அட்ரினல் கழலையை அகற்றியதும் அவர் குணமடைந்தார். அந்தக் காலத்தில் இத்தகைய நோயாளிகள் சிலருக்குப் பொட்டாசியத்தை இழக்கும் சிறுநீரக அழற்சி என்று பெயரிடப்பட்டிருந்தது. சிறுநீரகம் கெட்டதால் பொட்டாசியம் போகிறது என்று நினைத்தார்கள். அட்ரினலின் கட்டளையால் பொட்டாசியம் போய், அதனால் சிறுநீரகம் கெட்டிருந்தது. இன்றும் இந்த முன்பின் குழப்பம் நேர்கிறது. ஆல்டோஸ்டிரோன் மிகையில் வடிகட்டும் வேகம் செயற்கையாகக் கூடியிருக்கும் என்பதால், உள்ளே இருக்கும் சேதம் மறைந்திருக்கும். கழலையை அகற்றியபின் கிரியாட்டினின் சற்று ஏறும்போது, அறுவை சிகிச்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டதாகக் குடும்பத்தார் பதறுவார்கள். மறைந்திருந்த சேதம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்த நோயைக் கண்டறிய, ஆல்டோஸ்டிரோனையும் அதைத் தூண்டும் ரெனின் என்ற சிறுநீரகச் சுரப்பையும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் அளந்து விகிதம் பார்ப்பார்கள். சோதனைக்கு முன் பொட்டாசியத்தை இயல்புக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். குறைந்த பொட்டாசியம் ஆல்டோஸ்டிரோன் சுரப்பை அடக்கும் என்பதால், அப்படியே சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். எந்த மாத்திரையை எத்தனை வாரம் நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கசிவு சிறுநீர் வழியா குடல் வழியா என்பதைச் சிறுநீரில் உள்ள பொட்டாசியம் காட்டிக்கொடுக்கும். இரத்தத்தில் குறைந்திருக்கும்போது 24 மணி நேரச் சிறுநீரில் 30 மில்லிமோலுக்கு மேல் போகிறது என்றால் சிறுநீரகம்தான் விட்டுக்கொண்டிருக்கிறது. இரத்த பைகார்பனேட் அடுத்த துப்பு. அது கூடியிருந்தால் நீர் மாத்திரை, வாந்தி, ஆல்டோஸ்டிரோன் ஆகியவற்றில் ஒன்று. குறைந்திருந்தால் வயிற்றுப்போக்கு அல்லது குழல்களால் அமிலத்தை வெளியேற்ற முடியாத நோய். இந்தக் குழல் நோய், கண்ணும் வாயும் உலரும் ஷோக்ரென் நோயோடு சேர்ந்து நடுத்தர வயதுப் பெண்களுக்கு வருவதுண்டு. அழுத்தம் இயல்பாகவோ குறைவாகவோ உள்ள இளம் வயதினரிடம் பார்ட்டர், ஜிட்டல்மன் என்னும் மரபணு நோய்களை நினைக்க வேண்டும். ஆம்போடெரிசின்-பி, சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் குழல்களைப் பாதித்துப் பொட்டாசியத்தை இழக்கச் செய்யும். அதிமதுரத்தைத் தொடர்ந்து உட்கொள்வது ஆல்டோஸ்டிரோன் மிகையைப் போன்ற நிலையையே உண்டாக்கும். மூலிகைதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது நடக்கிறது.

வாந்தியும் பேதி மாத்திரையும் பெரும்பாலும் மறைக்கப்படுபவை. வாந்தியில் பொட்டாசியம் வயிற்றிலிருந்து அதிகம் போவதில்லை. அமிலத்தை இழந்த உடல் மிஞ்சிய பைகார்பனேட்டைச் சிறுநீரில் கழிக்கும்போது அதோடு பொட்டாசியமும் போகிறது. இது யாருக்காவது பொருந்தும் என்று தோன்றினால், குற்றம் கண்டுபிடிக்கும் குரலில் கேட்காதீர்கள். வெட்கம்தான் அவர்களைப் பல ஆண்டுகள் மருத்துவத்திலிருந்து தள்ளிவைக்கிறது. பல ஆண்டுகள் என்பது சிறுநீரகத்துக்கு மிக நீண்ட காலம்.

மக்னீசியத்தையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தால் குழல் செல்களின் பொட்டாசிய வாயில்கள் திறந்தே கிடக்கும். எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் சல்லடையில் ஊற்றிய நீர்போல் போய்விடும். நீர் மாத்திரையும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளும் மக்னீசியத்தைக் குறைக்கும். பல மாதம் பொட்டாசியம் குடித்தும் எண் அசையவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்து மாறும். தயாசைடுதான் காரணம் என்றால் அளவைக் குறைக்கலாம், வேறு அழுத்த மாத்திரைக்கு மாறலாம், அல்லது பொட்டாசியத்தைக் காக்கும் அமிலோரைடு, ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றைச் சேர்க்கலாம். ஆல்டோஸ்டிரோன் மிகை என்றால் ஒரு பக்கக் கழலைக்கு அறுவை சிகிச்சையும், இரு பக்கமும் பெருத்திருந்தால் ஸ்பைரோனோலாக்டோன் வகை மருந்தும் உண்டு. ஈடுகட்டும்போது எந்த வகைப் பொட்டாசியம் என்பதும் முக்கியம். இரத்தம் காரமாக இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் குளோரைடுதான் சரி. அமிலமாக இருப்பவர்களுக்கும் சிட்ரேட் குறைந்து கல் உண்டாகிறவர்களுக்கும் பொட்டாசியம் சிட்ரேட் பொருந்தும். உணவில் இருக்கும் பொட்டாசியம் பெரும்பாலும் குளோரைடு வடிவில் இல்லை. அதனால் நீர் மாத்திரை அல்லது வாந்தியால் வந்த குறைவை உணவால் மட்டும் நிரப்ப முயன்றால் மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் ஏறும். உணவு வேண்டாம் என்று சொல்லவில்லை. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 3,510 மில்லிகிராம் பொட்டாசியமாவது உணவில் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரை, பலர் அதை எட்டுவதில்லை. ஆனால் 2.9-இல் இருப்பவரை “பழம் நிறையச் சாப்பிடுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது சிகிச்சை ஆகாது. சாப்பாட்டு உப்பைக் குறைப்பது இதைவிட உடனடிப் பலன் தரும், ஏனென்றால் இறுதிக் குழலுக்குப் போகும் சோடியம் குறைந்தால் பொட்டாசிய இழப்பும் குறையும்.

நீங்கள் கேட்ட இரண்டாம் கேள்விக்கு இதன் தொடர்ச்சியாகவே பதில் சொல்கிறேன். பொட்டாசியம் இயல்புக்கு வந்து அங்கேயே நின்றால், சிறுநீரைச் செறிவாக்கும் திறன் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் திரும்பத் தொடங்கும். இரவு எழுகை குறைவதைத்தான் நோயாளிகள் முதலில் உணர்கிறார்கள். குமிழ்கள் மறையும், இரத்த ஓட்டம் சீராகும், வடிகட்டும் திறனிலும் சுருங்கிய குழாய்களால் இழந்த பகுதி மீளும். நார்த்திசுவாக மாறிய பகுதி மீளாது. ஆனால் எஞ்சியிருப்பதைக் காப்பாற்ற முடியும். 58 என்ற திறனோடு, அழுத்தமும் பொட்டாசியமும் கட்டுக்குள் இருந்தால், ஒருவர் பல பத்தாண்டுகள் டயாலிசிஸ் தேவைப்படாமல் வாழலாம். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அவர் அஞ்சியிருப்பார்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகளும் உண்டு. நாடித்துடிப்பு தாறுமாறாவது, மயங்கி விழுவது, கை கால்கள் தூக்க முடியாத அளவுக்குத் தளர்வது, மூச்சுவிடச் சிரமம், கருஞ்சிவப்புச் சிறுநீர் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த நாள்வரை காத்திருக்கக் கூடாது. அளவு 2.5-க்குக் கீழே என்று அறிக்கை வந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே போக வேண்டும். இதய நோய்க்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வரம்பு இன்னும் மேலே இருக்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு மிதமான குறைவே ஆபத்தானது.

எதிர்ப்பக்க ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். வடிகட்டும் திறன் 58-ஆக இருப்பவருக்குப் பொட்டாசியத்தைக் கழிக்கும் திறனும் முன்போல் இருக்கும் என்று நம்ப முடியாது. நீர் மாத்திரையை நிறுத்தி, பொட்டாசியம் கொடுத்து, கூடவே எனலாப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற அழுத்த மாத்திரைகளையும் தொடங்கினால், சில நாட்களிலேயே அளவு 6-ஐத் தாண்டலாம். அது குறைவைவிட விரைவாக இதயத்தை நிறுத்தக்கூடியது. இபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகளும் டிரைமெத்தோபிரிம் கலந்த நுண்ணுயிர்க்கொல்லியும் இதை இன்னும் ஏற்றும். சோடியம் குறைந்த மாற்று உப்பு என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கிறது. அதை அவர் பயன்படுத்துகிறாரா என்பதும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். மருந்தில் எந்த மாற்றம் செய்தாலும் ஒரு வாரத்துக்குள் பொட்டாசியம், கிரியாட்டினின் இரண்டையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு நிலைப்படும்வரை சில வாரங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்தால் போதும். முதல் சந்திப்புக்குப் போகும்போது ஒன்பது ஆண்டுகளின் அறிக்கைகளையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், மூலிகைப் பொடிகள் உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.